கணக்கும் கதரும்: தணிக்கையாளர் ஆர். சிவபோகம் வாழ்க்கை

தோற்றுவாய்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் எழுத்தால் உயர்ந்தோரின் வரலாற்றை எழுதிய அளவுக்கு எண்ணால் உயர்ந்தோரின் வரலாற்றை நாம் எழுதி வைக்கவில்லை. புலவர்க்கு வரலாறு உண்டு, புரவலர்க்கும் உண்டு. அவர்கள் காலத்து வரவையும் செலவையும் பிழையின்றி எழுதியோரை நினைப்பார் அரியர். ஆகவே தமிழ்த்துறை வெளியிடும் இம்மலரில் ஒரு தணிக்கையாளரின் வாழ்க்கை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பளிக்கக்கூடும். நம் தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்போருள் கணிசமானோர் வணிகவியல் மாணாக்கர் என்பதை நினைத்தால் அவ்வியப்பு நீங்கிவிடும். அவர்கள் நாளை செல்லவிருக்கும் பாதையில் இந்தியப் பெண்களுள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தவர் சென்னையில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. அவரே ஆர். சிவபோகம் (1907 - 1966).

அவர் வரலாற்றை நாம் தேடிப் படிக்கத் தூண்டியது நூலகமன்று, ஒரு மாணவியின் வினா. அதனை முதற்கண் கூறுவது பொருத்தமாகும்.

ஜெகதளாவிலிருந்து வந்த வினா

நீலகிரியில் குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் அணித்தே உள்ள படகர் பேரூர் ஜெகதளா. 1850களில் ஆங்கிலேயர் அப்பகுதியில் படைக்குடியிருப்புக் கட்டியபோது அவ்வூர்ப் பெயரையே திரித்து ஜக்கதல்லா என்று வழங்கினர். சில ஆண்டுகள் கழித்து அப்பெயரை விலக்கிவிட்டு வெல்லிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினர். படைக்குடியிருப்பு வெல்லிங்டன் ஆயிற்று. சிற்றூர் ஜெகதளாவாகவே நிலைத்தது. எமது இளமைக்காலம் அவ்வூர்ச் சரிவுகளில்தான் கழிந்தது. எம் தந்தையார் அப்பகுதித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலைக்கணக்கு எழுதினார்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர் ஜெகதளாவைச் சேர்ந்தவர். சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். வீட்டில் படகு மொழி. பள்ளியில் தமிழ்வழிக் கல்வி. பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது அவர் அவா. பெருநகரத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தார். விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரை ஜெகதளா என்று எழுதுவதா, குன்னூர் என்று எழுதுவதா என்று எம்மிடம் கேட்டார். சிற்றூர்ப் பெயரைக் கண்டால் தள்ளிவிடுவார்கள் என்றும், உடையையும் பேச்சையும் பெயரையும் நகரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளாதவர் அத்தொழிலில் நிலைக்கவியலாது என்றும் யாரோ அவருக்கு அறிவுரை கூறியிருந்தனர்.

எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. காரணம் எளிது. நாம் விரிவுரையாளராகப் பணியேற்ற புதிதில் ஊரைக் கேட்டோர்க்கெல்லாம் குன்னூர் என்றே கூறி வந்தோம். அந்த நாணத்தோடு இன்னொரு நினைவும் வந்தது. எம் தந்தையாரின் பேரேட்டில் இலை பறிக்கும் பெண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அன்றைய எடை இருக்கும். மழை நாட்களில் இலையின் ஈரத்திற்கென்று எடையில் ஒரு பங்கு கழிக்கப்படும். எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது பறித்தவர்க்குத் தெரியாது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார், பள்ளி விட்டு வந்த எம்மை அருகழைத்துத் தம் பெயருக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று படித்துச் சொல்லக் கேட்டதுண்டு. அந்நாளில் அம்மலையில் நாம் கண்ட கணக்கேடுகளில் பெண்களின் பெயர்கள் நிறைய இருந்தன. பெண்கள் எழுதிய கணக்கேடு ஒன்றுகூட இருந்ததில்லை.

இவ்விரண்டு நினைவுகளுக்கும் இடையில் நின்றபோதுதான் சிவபோகம் அம்மையாரின் வாழ்க்கை எமக்குப் பொருளுடையதாயிற்று.

கணக்குக் காட்டும் கடமை

கணக்கு என்பது எண்களைக் கூட்டிக் கழிப்பது மட்டுமன்று. பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்றவர் அவர்க்கு விடைகூறும் கடமை. தமிழகம் இக்கடமையை நெடுங்காலமாக அறிந்திருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச் சபை உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்குத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தகுதியின்மை விரிகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும், எழுதுவோர் நீதியோடு எழுதுமாறும் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீண்டது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. நடுவு நிலைமையைக் கூறவந்த வள்ளுவர் துலாக்கோலையும் வணிகரையும் துணைக்கழைத்ததை நம் மாணவர் அறிவர்.

ஆகவே கணக்கர்க்குரிய முதற்றகுதி, எழுதுவதில் மறைவின்மை. இத்தகுதியை ஒரு பெண் தம் வாழ்விலேயே காட்டி அத்தொழிலில் நுழைந்தார் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

இளமையும் கல்வியும்

சிவபோகம் 1907ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தார். மயிலாப்பூரில் தேசியப் பெண்கள் பள்ளி என்ற பெயரில் விளங்கிப் பின்னர் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி எனப் பெயர்பெற்ற பள்ளியில் பயின்றார். பட்டப்படிப்பை இராணி மேரி கல்லூரியில் முடித்தார். 1914இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரியே சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரியாகும்.

அவருடைய இளமையில் ஆழ்ந்த தாக்கத்தை விளைவித்தவர் சகோதரி சுப்புலட்சுமி. இளவயதிலேயே கைம்மை எய்திய சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்குத் தங்குமிடமும் கல்வியும் அளிப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். பெண் ஒருத்தி தன் அறிவால் பொருளீட்டித் தன் காலில் நிற்கவேண்டும் என்பது அவர் பணியின் அடித்தளம். சமூகத் தொண்டில் ஈடுபாட்டைச் சிவபோகம் பெற்றது அம்மரபிலிருந்தேயாகும்.

அக்காலத்தில் படித்த பெண்களுக்கென்று சமுதாயம் ஒதுக்கியிருந்த தொழில்கள் இரண்டே எனலாம். ஒன்று ஆசிரியப் பணி. மற்றொன்று மருத்துவப் பணி. இவ்விரண்டுக்கும் ஒரு காரணம் காட்டப்பட்டது. பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பெண் வேண்டும். பெண் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கப் பெண் வேண்டும். வழக்கறிஞர் தொழிலின் கதவு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்களுக்குத் திறந்தது. அதற்கும் திரைமறைவில் வாழ்ந்த பெண்களின் சொத்துரிமை வழக்குகள் ஒரு காரணமாகக் காட்டப்பட்டன. ஆனால் ஒரு நூற்பாலையின் அல்லது வங்கியின் கணக்கைச் சரிபார்க்கப் பெண்தான் வேண்டும் என்று கூற எவருக்கும் காரணம் இல்லை. பெண்கள் நலன் என்ற வாயில் வழியாக நுழையும் வாய்ப்பு இத்தொழிலில் இல்லை. தகுதி ஒன்றே வாயிலாக இருந்தது.

சிறையில் பிறந்த முடிவு

மாணவப் பருவத்திலேயே நாட்டு விடுதலை வேட்கை சிவபோகத்தை ஆட்கொண்டது. சுதேசி இயக்கத்தில் சேர்ந்து உழைத்தார். காந்தியடிகள் நடத்திய சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் தண்டனை பெற்று, ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். அந்நாளில் சென்னை மாகாணத்துப் பெண் சத்தியாக்கிரகிகள் பலர் அடைக்கப்பட்ட சிறை அது.

சிறையில் இருந்தபோதுதான் கணக்கியல் துறையைத் தம் வாழ்க்கைத் தொழிலாக அவர் தேர்ந்துகொண்டார். விடுதலைப் போராட்டத்துக்கும் பற்று வரவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. பொதுப்பணத்தில் ஒரு காசுக்கும் கணக்கு வேண்டும் என்பதில் காந்தியடிகள் காட்டிய கண்டிப்பை அவர் வரலாறு படித்தோர் அறிவர். தென்னாப்பிரிக்கக் காலந்தொட்டே அவர் நடத்திய இயக்கங்கள் யாவற்றிலும் வரவு செலவு எழுதப்பட்டது. நாட்டுக்காகச் சிறை புகுவதும் நாட்டுப் பணத்திற்கு நேரிய கணக்கு எழுதுவதும் அவர் நெறியில் ஒரே ஒழுக்கத்தின் இரு பக்கங்கள். அந்நெறியில் நின்ற இளம்பெண் ஒருவர் சிறைக்குள் கணக்கியலை எண்ணியது வியப்பன்று.

அன்றைய தொழிலின் நிலை

1913ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டம், நிறுவனங்களின் கணக்கைத் தகுதிபெற்ற தணிக்கையாளர் ஆய்ந்து சான்றளிக்க வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்தில் தேறி வந்தோரே இத்துறையில் முன்னின்றனர். இந்தியர் இங்கேயே படித்துத் தகுதி பெறுவதற்காக 1918இல் பம்பாய் அரசு ஒரு பட்டயத் தேர்வைத் தொடங்கியது. ஜி.டி.ஏ. எனப் பெயர்பெற்ற அரசு கணக்கியல் பட்டயம் அதுவே. தேர்வில் தேறுவதோடு, தொழில் புரியும் தணிக்கையாளர் ஒருவரிடம் மூன்றாண்டு பயிற்சி எழுத்தராகவும் இருத்தல் வேண்டும். 1932இல் வகுக்கப்பட்ட தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள் இத்துறையை இந்திய அரசின் நேரடி மேற்பார்வைக்குக் கொண்டுவந்தன. அதன்பின் தகுதி பெற்றோர் அரசின் பதிவேட்டில் பெயர் பதிந்து, பதிவுபெற்ற கணக்காளர் என்ற பெயரால் வழங்கப்பட்டனர்.

சிறையிலிருந்து வெளிவந்த சிவபோகம் அப்பட்டயப் படிப்பில் சேர்ந்தார். 1933இல் தேர்ச்சி பெற்றார். இந்தியாவில் அத்தேர்வில் தேறிய முதற்பெண் அவரே. சென்னையில் புகழ்பெற்று விளங்கிய தணிக்கையாளர் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சியை முடித்தார். ஒரு பெண்ணைத் தம் அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராக ஏற்றுக்கொண்ட அப்பெரியாரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். கதவைத் தட்டுபவர் ஒருவராயினும் திறப்பவரும் ஒருவர் வேண்டுமன்றோ!

அயல்நாட்டு நிலையையும் இங்கு ஒப்புநோக்கலாம். இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்னும் பெண்மணி இலண்டன் நகரில் கணக்குத் தொழில் நடத்தி வந்தார். இங்கிலாந்து, வேல்சு பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக 1891இல் விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுக்கப்பட்டார். பெண்ணென்று கூறித் தொழில்களிலிருந்து விலக்குவதை நீக்கும் சட்டம் 1919இல் அந்நாட்டில் வந்த பின்னரே, 1920இல், எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். உலகின் முதற்பெண் பட்டயக் கணக்காளர் என்ற சிறப்பு அவருடையது. அவ்வாறு கதவு திறந்து பதின்மூன்றே ஆண்டுகளில், அடிமைப்பட்டிருந்த நம் நாட்டில் ஒரு பெண் அத்தகுதியை எய்தினார் என்பது பெருமைக்குரிய செய்தியாகும்.

பதிவுக்காக ஒரு வழக்கு

தேர்வும் பயிற்சியும் முடிந்தும் தொழில் தொடங்க இயலவில்லை. சிறைத் தண்டனை பெற்றவர் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள அக்காலச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அவ்விதியின் நோக்கம் ஓரளவு விளங்கக்கூடியதே. களவும் மோசடியும் செய்து தண்டனை பெற்றவரிடம் பிறர் பணத்தின் கணக்கை ஒப்படைத்தல் தகாது. ஆயின் நாட்டு விடுதலைக்காகத் தாமே முன்வந்து சிறையேற்றவரும் அவ்விதிக்குள் அகப்பட்டார். கணக்குக் காட்டாதவரை விலக்கியது உத்தரமேரூர் விதி. கணக்கில் எக்குற்றமும் இல்லாதவரை, மனச்சான்றின்படி நடந்தமைக்காக விலக்கியது அயலார் விதி.

சிவபோகம் என்ன செய்தார் என்பதே நாம் ஊன்றிக் கருதவேண்டியது. பெண்ணாகப் பிறந்ததோடு சிறைக்கறையும் சேர்ந்துவிட்டது என்று எண்ணி வேறு பணிக்குத் திரும்பிவிடவில்லை. ஆசிரியப் பணி அவர்க்கு எளிதில் கிட்டியிருக்கும். அவ்வாறு செய்யாது சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். வழக்கில் வெற்றியும் பெற்றார். 1937இல் சென்னையில் தம் பெயரில் தனித்துத் தொழில் தொடங்கினார்.

தேர்ச்சி பெற்றது 1933. தொழில் தொடங்கியது 1937. அந்நான்கு ஆண்டுகளும் வீணானவை அல்ல. சிறையேற்றதைக் குற்றமென்று ஒப்புக்கொள்ளாமலேயே அத்தொழிலுக்குள் நுழைந்தார் என்பது அவ்வாண்டுகளின் பயன். எந்தச் சிறைவாசத்தைச் சட்டம் பற்றுப் பக்கத்தில் எழுதியதோ, அதனை வரவுப் பக்கத்துக்கு மாற்றி எழுதச் செய்தார் எனின் மிகையாகாது.

கதருடுத்திய தணிக்கையாளர்

தணிக்கைத் தொழிலின் வெளித்தோற்றம் அந்நாளில் முற்றிலும் மேலைநாட்டுத் தோற்றம். கோட்டும் கழுத்துப் பட்டையும் ஆங்கிலப் பேச்சும் அத்தொழிலின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. இவ்வுலகில் கதர்ச் சேலையுடன் புகுந்தவர் சிவபோகம். மாணவியாக இருந்தபோது ஏற்ற கதரைத் தணிக்கையாளராகிய பின்னும் அவர் விடவில்லை. எளிய வாழ்வையே மேற்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாமல் தொழிலையும் தொண்டையும் துணையாகக் கொண்டார்.

இதனை வெறும் உடைப்பற்று என்று எண்ணலாகாது. தணிக்கையாளரின் வேலை எத்தகையது என்பதை அறிந்தால் இதன் சிறப்பு விளங்கும். ஒரு நிறுவனத்தின் கணக்கை எழுதுவோர் அதன் ஊழியர். அதனை ஒப்புவோர் அதன் இயக்குநர். தணிக்கையாளரோ அவ்விருவர்க்கும் வெளியே நின்று, பங்குதாரர் சார்பில் அதனை ஆய்கிறார். குறிப்பேட்டில் உள்ள பதிவு பேரேட்டுக்கு ஒழுங்காக வந்துள்ளதா, பற்றுச்சீட்டு உள்ளதா, வங்கிக் கணக்கோடு இருப்பு ஒத்துள்ளதா, எந்திரங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்பட்டுள்ளதா, வராக்கடனை வருங்கடனாகக் காட்டியுள்ளனரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இறுதியில் ஐந்தொகை உண்மை நிலையைக் காட்டுகிறதா என்று தம் பெயரிட்டுச் சான்றளிக்கிறார். அவர்க்குக் கட்டணம் வருவது அந்நிறுவனத்தின் பணத்திலிருந்து. ஆயினும் அந்நிறுவனத்தார் விரும்பாததையும் அவர் எழுதியாக வேண்டும். பிறர் முகம் நோக்கித் தம்மை மாற்றிக்கொள்பவர்க்கு இத்தொழில் இயலாது. உடைக்காக அஞ்சுபவர் உண்மைக்காக அஞ்சாதிருப்பார் என்பது எங்ஙனம்?

ஆகவே தம் இயல்பு மாறாமை என்பது ஏனைய தொழில்களில் ஓர் அணியாக இருக்கலாம்; தணிக்கைத் தொழிலில் அதுவே தகுதி. சிவபோகம் வாழ்க்கை உணர்த்தும் நுட்பம் இதுவேயாகும்.

தலைமையும் ஈகையும்

நாடு விடுதலையடைந்த பின், 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி அவ்வாண்டு சூலை முதல் நாள் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நிறுவப்பட்டது. பதிவுபெற்ற கணக்காளர்களாக இருந்தோர் பட்டயக் கணக்காளர்கள் ஆயினர். எந்த அரசு ஒருகாலத்தில் தம்மைச் சிறையிட்டதோ அவ்வரசு மறைந்து, தம் நாட்டு நாடாளுமன்றம் அமைத்த சட்டத்தின்கீழ் சிவபோகம் உறுப்பினரானார்.

கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவிற்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1955 முதல் 1958 வரை மூன்றாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். ஆடவரே நிறைந்திருந்த ஒரு தொழிலில், அத்தொழிலோர் தம் தலைமைக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தது எளிய செய்தியன்று. 1956இல் புதிய கம்பெனிகள் சட்டம் வந்து தணிக்கையாளர் பொறுப்புகள் விரிந்த காலமும் அதுவே.

தாம் ஏறிய ஏணியைத் தமக்குப் பின் வருவோர்க்கும் அவர் விட்டுச் சென்றார். இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே சிறப்பாகத் தேறும் பெண்ணுக்குக் கழகத்தின் வழியாகப் பரிசு வழங்க அறக்கட்டளை நிறுவினார். அது அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. 1966ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள், ஐம்பத்தொன்பது வயது நிறைவதற்குச் சில கிழமைகள் இருக்கையில் அவர் மறைந்தார்.

அவர் தேறிய ஆண்டில் நாடு முழுவதிலும் அத்தகுதி பெற்ற பெண் அவர் ஒருவரே. இன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவருள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் பெண்கள்.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

இவ்வாழ்விலிருந்து நாம் கொள்வது யாது? தம் இயல்பைக் காத்தல் என்பது எதையும் கற்காமல் இருத்தலன்று. சிவபோகம் தொழிலுக்குரிய ஆங்கிலத்தைக் கற்றார், சட்டத்தைக் கற்றார், மேலைநாட்டு இரட்டைப் பதிவு முறையைக் கற்றார். தொழில் கேட்ட அனைத்தையும் கொடுத்தார். தொழில் கேளாததை, ஊரார் கேட்டனர் என்பதற்காகக் கொடுக்கவில்லை. எது தொழிலின் தேவை, எது பிறர் கண்ணின் தேவை என்று பிரித்தறிவதே மாணவர்க்கு வேண்டிய அறிவாகும். நம் தமிழ்வழி மாணாக்கர் ஆங்கிலக் கணக்கியல் நூல்களைக் கண்டு மயங்க வேண்டா, அவை கற்கக்கூடியவை. தம் ஊரையும் தாய்மொழியையும் கண்டு நாணவும் வேண்டா. அவை திருத்த வேண்டிய பிழைகள் அல்ல.

சமுதாயப் பெரியோர்க்கும் பணிவோடு ஒன்று கூற விழைகிறோம். பட்டயக் கணக்காளர் ஆவதற்குத் தேர்வுகள் மட்டும் போதா. இப்போதைய திட்டப்படியும் இரண்டாண்டு நேரடிப் பயிற்சி உண்டு. தணிக்கைக் காலத்தில் மாலை கடந்தும் அலுவலகத்தில் இருக்க நேரும். வெளியூர் சென்று கணக்குப் பார்க்க நேரும். நம் பெண்மக்களுள் தேர்வின் முதற்படியைக் கடந்த சிலர் இப்பயிற்சியின் வாயிலில் நிறுத்தப்பட்டு வீடு திரும்புவதைப் பார்த்து வருகிறோம். பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது என்பதை நாம் அறிவோம். ஆயின் சிறைக்கோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தம் அலுவலகத்தில் இடமளித்த ஒரு தணிக்கையாளர் 1930களிலேயே இருந்தார். நம் சமுதாயத்திலும் தணிக்கையாளர் உளர், வணிகர் உளர். பாதுகாப்பான பயிற்சியிடத்தை அவர்கள் அமைத்துத் தருவார்களாயின் பெற்றோரின் அச்சத்துக்கு விடை கிடைக்கும்.

இதனால் பயன்பெறுவோர் பெண்கள் மட்டுமல்லர். நீலகிரியையே காண்போம். குன்னூரில் தேயிலை ஏலம் 1963இலிருந்து நடைபெறுகிறது. ஏலத்தில் கிடைக்கும் விலைக்கும் தோட்டக்காரர் கையில் சேரும் பசுந்தேயிலை விலைக்கும் இடையே இருப்பது கணக்கு. 1990களின் இறுதியில் விலை வீழ்ந்து சிறு விவசாயிகள் துயருற்றபோது, அக்கணக்கைத் தாமே படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவரேனும் இருந்திருந்தால் நலமாக இருந்திருக்கும் என்று எம் தந்தையார் பலமுறை கூறியதுண்டு. பேரேட்டில் பெயராக மட்டும் இருந்த வீட்டிலிருந்து பேரேட்டை ஆயும் ஒருவர் வருவது, அவ்வீட்டுக்கு மட்டுமன்றி அவ்வூருக்கே வரவாகும்.

முடிவுரை

ஜெகதளா மாணவிக்கு நாம் விடை கூற ஒரு கிழமை ஆயிற்று. சிவபோகம் அம்மையாரின் வரலாற்றை நூலகத்தில் தேடித் தொகுத்து அவரிடம் கூறினோம். நாம் குன்னூர் என்று பொய்யாகக் கூறி வந்ததையும் மறைக்காமல் சொன்னோம். சிறைவாசத்தையே மறைக்காமல் பதிவேட்டில் இடம்பெற்றவர் ஒருவர் இருக்க, ஊர்ப்பெயரை மறைக்க நமக்கு என்ன தேவை என்று அவரும் நாமும் ஒருங்கே உணர்ந்தோம். அவர் விண்ணப்பத்தில் ஜெகதளா என்றே எழுதினார்.

முதலில் விண்ணப்பித்த அலுவலகத்தில் அவர்க்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் ஊர்ப்பெயரா வேறொன்றா என்பதை ஆராய்வதில் பயனில்லை. மூன்றாவது அலுவலகம் ஏற்றுக்கொண்டது. இப்போது அவர் பயிற்சியில் இருக்கிறார். இறுதித் தேர்வு இன்னும் முன்னே நிற்கிறது. அண்மையில் எம்மைக் காண வந்தபோது, தாம் சரிபார்த்த கணக்கேடு ஒன்றில் சிறு பிழையைக் கண்டு எடுத்துக்காட்டியதை மகிழ்ச்சியோடு கூறினார்.

அன்றிலிருந்து நாமும் ஒன்றைத் திருத்திக்கொண்டோம். ஊரைக் கேட்போர்க்கு இப்போது ஜெகதளா என்றே விடை கூறுகிறோம். அது எங்குள்ளது என்று கேட்டால், வெல்லிங்டனுக்கு முதலில் தன் பெயரைக் கொடுத்த ஊர் என்று கூறுகிறோம்.